சங்கு கேட்டால் ஓடி வருகிறவர்கள்

எனக்குப் பனிமூட்டம் என்றால் பயம். நீலகிரியில் எமரால்டு பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊட்டிக்கு வருகிறவர்கள் மூட்டத்துக்குள் கையை விரித்து நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், பட்டப்பகலில், என் கையாலேயே என் அம்மாவைக் கொன்றிருப்பேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தவள். இன்னும் ஃபேக்டரியை 'ஸ்டோரு' என்றுதான் சொல்லுவாள். வேலைக்குப் போவதை 'மலைக்குப் போறது' என்பாள். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அதற்கப்புறம் எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் கொழுந்து எடுத்து என்னை டிப்ளமோ படிக்க வைத்தாள். நான் படித்து முடித்து அதே எஸ்டேட் ஃபேக்டரியில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக உட்கார்ந்தேன். லயத்திலிருந்து போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

இலையை உலர்த்த அதுவரைக்கும் விறகு எரித்துக்கொண்டிருந்தார்கள். விறகை விட்டுவிட்டு எல்.என்.ஜி.க்கு மாறியபோதுதான் அந்த கன்ட்ரோல் ரூமே வந்தது. எல்.என்.ஜி. என்பது வேறொன்றும் இல்லை, எரிவாயுவை உறைபனியெல்லாம் பிச்சை வாங்குகிற அளவுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி வைத்திருப்பது. மைனஸ் நூற்று அறுபது டிகிரி. கடற்கரையிலிருந்து டேங்கரில் மலையேறி வரும். எங்கள் வெள்ளை டேங்கில் இறக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வாயுவாக்கி டிரையருக்கு அனுப்புவோம். வீட்டு சிலிண்டரில் இருக்கிற நாற்றம் இதற்குக் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. வெள்ளையாக, சில்லென்று, தரையோடு தரையாகப் புகை ஓடும். சுருக்கமாகச் சொன்னால், பார்க்கிறதுக்கு அச்சு அசல் மூட்டம்.

டேங்கர் நின்று இறக்குகிற இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கம்பம் நட்டிருந்தார்கள். ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். நடுவில் கேஸ் வந்தால் கதிர் கண்டுபிடித்துவிடும். உடனே வால்வுகள் தானாக மூடும், பம்ப் நிற்கும், டிரையர் அணையும், கூரையில் சங்கு ஊதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை யோசித்த மகராசன் கடற்கரையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் ஊரில் ஆடி மூட்டம் வந்தால் எதிரே நிற்கிற ஆளே தெரியாது, கதிர் எப்படித் தெரியும்? கதிர் மறைந்த மறுநிமிடம் அறைக்குள் பஸ்ஸர் கத்தும், டிரையர் நின்றுவிடும். சங்கு மட்டும் ஊதாது. அது கேஸ் என்று நிச்சயமானாலோ, நாங்கள் சிவப்பு பட்டனை அழுத்தினாலோதான் ஊதும். டிரையர் நின்றால் உள்ளே இருக்கிற இலை புளித்துப்போகும். மேனேஜர் தாம்தூம் என்று குதிப்பார்.

"ஏம்மா, மூட்டத்துக்கெல்லாம் மெசினை நிறுத்துனா நாம டீ ஓட்டறதா, கடைய இழுத்து மூடறதா?"

அப்படித்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. மூட்டம் போட்டால் பைபாஸ் சாவியைத் திருப்பி வைத்துவிடுவோம். கதிர் என்ன சொன்னாலும் சிஸ்டம் காதில் வாங்காது. மூட்டம் விலகினால் சாவியைத் திரும்ப எடுத்துவிடுவோம். எங்கேயும் எழுதி வைத்த வழக்கமில்லை. மேனேஜருக்குத் தெரியும், மூன்று ஷிப்டுக்கும் தெரியும். ஆடியில் பாதி நாள் அந்தச் சாவி திரும்பியே கிடக்கும்.

இனி சங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எஸ்டேட்டில் சங்குதான் கடிகாரம். காலையில் ஒரு நீளச் சங்கு, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரச்சொல்லி. மத்தியானம் ஒன்று, சோற்றுக்கு. சாயங்காலம் இரண்டு தடவை, வேலை முடிந்தது, லயத்துக்குப் போ என்று. இது மூன்றும் இல்லாமல் நேரங்கெட்ட நேரத்தில் விடாமல் ஊதினால் ஸ்டோரில் தீ என்று அர்த்தம். கையில் கிடைத்த குடத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு லயமே ஓடவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை இலை வாட்டுகிற மாடி பற்றிக்கொண்டது. லயத்து ஆட்கள்தான் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முதல் ஆளாக ஓடியது அம்மா. அதைச் சொல்லச் சொல்ல அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

எல்.என்.ஜி. வந்தபோது புதிதாக ஒரு ஹூட்டர் வாங்கவில்லை. கூரையில் இருக்கிற பழைய சங்கே பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறதே, அதிலேயே அலாரத்தையும் இணைத்துவிடலாம் என்று இணைத்துவிட்டார்கள். வேலை செய்கிறதா என்று சோதித்தது எப்போது தெரியுமா? மத்தியானச் சங்கு நேரத்தில். ஜனங்களுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதாம். அவர்கள் பாட்டுக்குச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள்.

அதற்குமுன் ஒரு கூட்டம் போட்டார்கள். கீழே சமவெளிப் பக்கமிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இங்கிலீஷில் படம் போட்டுப் பேசினார். என்னை எழுப்பித் தமிழில் சொல்லச் சொன்னார் மேனேஜர். சாயங்காலம், தூறல், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் கால் கடுக்க நிற்கிற பொம்பளைகள். எனக்கும் ஷிப்ட் முடிகிற நேரம். நான் கடகடவென்று ஒப்பித்தேன்.

"அலாரம் அடிச்சா ஸ்டோர் பக்கம் யாரும் வரக்கூடாது. எதிர்ப்பக்கம் மேட்டுல ஏறி நின்னுக்கோங்க. தண்ணி கிண்ணி ஊத்தக்கூடாது. அவ்வளவுதான்."

பின்வரிசையில் ஒரு அக்கா கேட்டாள்: "அலாரம் எங்கிட்டு புள்ள அடிக்கும்? செல்லுலயா?"

சும்மா கேட்டாளா, கிண்டலாகக் கேட்டாளா தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "அடிச்சா காதுல விழும், போங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சங்குதான் அலாரம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என் வாயிலிருந்து வரவில்லை. அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ஆடி மாதத்து நாளில் டேங்கர் வந்தபோது மணி இரண்டரை இருக்கும். நாமக்கல் பக்கத்து டிரைவர், பலமுறை வந்தவர். ஹோஸை மாட்டிவிட்டு, மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு காவல் ஷெட் ஓரமாக நின்றிருந்தார். நான் அறையில் தனியாக இருந்தேன். மூட்டம் அடர்ந்து வந்தது. வழக்கம்போல எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பினேன். திரும்ப வந்து உட்கார்ந்து கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்க வெள்ளை. பார்க்க ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ உறுத்தியது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் மத்தியான மூட்டம் பள்ளத்திலிருந்து மேலேதான் ஏறும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் மாறினதில்லை. திரையிலும் மூட்டம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடியில், டேங்கருக்குக் கீழே, வெள்ளையாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அடியில் நுழைந்து, பள்ளத்தைப் பார்த்து, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சிவப்பு பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. டேங்க் வால்வு மூடியது, பம்ப் நின்றது, டிரையர் அணைந்தது. தலைக்குமேல் சங்கு ஊத ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மெய்யாகவே அப்படித்தான் விட்டேன்.

போன் அடித்தது. மேனேஜர்.

"ஏம்மா, மறுக்காவும் மூட்டமா? இதுல சங்கு வேற ஊதி ஊரையே கூட்டோணுமா?"

"மூட்டமில்லீங்க சார்! கேஸ்! நெசமாலுமே கேஸ்! ஆபீசுல ஒருத்தரும் தீக்குச்சி உரசாதீங்க, வண்டிய எடுக்காதீங்க!" என்று கத்தினேன். போனை வைத்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு டிரைவர் வந்தார். மூச்சு இரைத்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் மெழுகாக வெளுத்துக் கிடந்தன.

"ஹோஸ் ஜாயிண்டு விட்டுருச்சுங்க. பக்கத்துல போறவரைக்கும் தெரியலீங்க, மூட்டம்னே நெனச்சுட்டேன். வண்டி வால்வும் மூடிருச்சு. ஆனா கொட்டுனது கொட்டுனதுதான், தரையெல்லாம் கொதிச்சுக்கிட்டுக் கெடக்குது." சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏனுங்க, அங்க யாருங்க அத்தனை பேரு? எதுக்கு இங்கிட்டு ஓடி வர்றாங்க?"

எங்கள் ஃபேக்டரி ஒரு மேட்டில் இருக்கிறது. எதிர்ச் சரிவில் தேயிலை, அதற்குமேல் லயம். நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓடை, ஓடைமேல் சின்னப் பாலம். லயத்திலிருந்தோ மலையிலிருந்தோ ஃபேக்டரிக்கு வர அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அந்த நேரம் எதிர்ச்சரிவில் மூட்டம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று, கொழுந்து எடுக்கிறவர்கள் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள்கள் சரசரவென்று இறங்கி வந்துகொண்டிருந்தன. மேலே லயத்திலிருந்து குடங்கள் வந்துகொண்டிருந்தன. பாலம் இருக்கிற இடம் தெரியவில்லை. அங்கே வெள்ளையாக ஒரு குளம் தேங்கி நின்றது. மூட்டம் என்றால் அதற்கு ஒரு ஓரம் இருக்காது. இதற்கு ஓரம் இருந்தது.

நான்தான் கூப்பிட்டேன். நேரங்கெட்ட நேரத்தில் விடாத சங்கு. வா வா என்று என் தலைக்குமேலேயே கத்திக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளைக்குள் இறங்கினால் மூச்சுக்குக் காற்று இருக்காது. தப்பித் தாண்டி வந்துவிட்டாலோ, கொதிக்கிற திரவத்தின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற இன்னும் பொங்கும். யாராவது ஒருத்தர் ஒரு பொறி உண்டாக்கினால் எல்லாருக்கும் சேர்த்துச் சங்குதான். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நீலத் தாள் வந்தது. அந்த நடையை எனக்கு இந்த உலகத்தில் எங்கே பார்த்தாலும் தெரியும். எப்போதும்போல முதல் ஆள், என் அம்மா.

போன் போட்டேன். மலைக்குப் போகும்போது போனை அரிசிப் பானையில் வைத்துவிட்டுப் போகிறவள் அவள். அவர்களோடு மலையில் இருக்கிற சூப்பர்வைசருக்குப் போட்டேன், சிக்னல் இல்லை. ஜன்னலைத் திறந்து கத்தினேன். இந்தச் சங்கு ஊதும்போது யார் கத்தி யாருக்குக் கேட்கப்போகிறது? எல்லாரும் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை சங்கை நிறுத்தக்கூடாது என்று பலகையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நிறுத்தினேன். அந்தத் திடீர் அமைதியில் அவர்கள் இன்னும் வேகமாக ஓடி வந்தார்கள். சங்கு எரிந்துபோய்விட்டது என்று நினைத்தார்களாம், பிற்பாடு சொன்னார்கள்.

சாமியெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் கேட்பாளே, 'இன்னிக்கு ரெண்டு சங்கு நீதான் ஊதினியா?' என்று, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தினச்சங்கு மூன்றும் எங்கள் அறையிலிருந்துதான் ஊதவேண்டும், அதற்குத் தனி ஸ்விட்ச். அதை அழுத்தினேன். ஒன்று. விட்டேன். இரண்டு. மறுபடி ஒன்று, இரண்டு. வேலை முடிந்தது, லயத்துக்குப் போ. மணி மூன்றுகூட ஆகவில்லை.

தாள்கள் நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. இந்த ஸ்டோருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பேசியிருப்பார்கள். மறுபடியும் அழுத்தினேன். ஒரு மஞ்சள் தாள் திரும்பியது. பிறகு ஒரு சிவப்பு. பிறகு மொத்தமாகத் திரும்பினார்கள். டிரைவர், "போறாங்கங்க, போறாங்க!" என்று குதித்தார்.

நீலத் தாள் திரும்பவில்லை.

அவள் தனியாக இறங்கிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று அழுத்தினேன், விரல் வலிக்க அழுத்தினேன். "ஏய் அம்மா, போடி! திரும்பிப் போடி!" என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று கத்தினேன். பெற்றவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டிரைவரிடம் ஸ்விட்சைக் காட்டி, "விடாம அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். ஆபரேட்டர் அறையை விட்டு வெளியேறக்கூடாது. எல்லாச் சட்டத்தையும்தான் அன்றைக்கு மிதித்தாயிற்று, இது ஒன்றா பெரிசு?

டேங்க் பக்கம் போகாமல், மேட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு, காற்று என் முதுகில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடினேன். பள்ளத்தின் விளிம்புக்கு வந்தபோது எதிரே அவள் வெள்ளையின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். இன்னும் பத்து எட்டு வைத்தால் உள்ளே போய்விடுவாள். ஒரு சங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அம்மோவ்!"

நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீயா புள்ள? வெளியவா நிக்கிற?"

"வெளியதான் நிக்கிறேன்! வராத! திரும்பு!"

"உள்ள இல்லியே?"

"இல்லம்மா, இல்ல! போ!"

அப்போதுதான் திரும்பினாள். அதுவும் சும்மா போனாளா, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அவள் மேடேறி மற்றவர்களோடு சேர்கிறவரைக்கும் நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. காலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தால் என் பக்கத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எப்படித் திரும்பி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு பொறிகூட விழவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் கலைந்துபோயிற்று. டிரைவருக்கு இரண்டு விரல் நுனி போனது. விசாரணைக்கு வந்தவர்கள் சாவியைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒரு வழக்கமே தனக்குத் தெரியாது என்றார் மேனேஜர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "நான்தாங்க திருப்பினேன்" என்று சொன்னேன். அது உண்மைதானே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவை உலுக்கி எடுத்துவிட்டேன்.

"ரெண்டு சங்கு ஊதினது கேட்டிச்சா இல்லியா?"

"கேட்டிச்சே. எனக்கென்ன செவிடா?"

"போகச் சொல்லித்தானே ஊதுச்சி? எல்லாரும் திரும்பினாங்கல்ல? நீ மட்டும் என்னத்துக்கு வந்தே?"

அவள் அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அவங்க புள்ளைங்க எல்லாம் வீட்டுலயும் பள்ளிக்கூடத்துலயும் இருக்குதுங்க. எம்புள்ள ஸ்டோருக்குள்ள இருக்கு. நான் எங்கிட்டுப் போறது?"

நான் தட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் பாட்டுக்கு வேறு தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் சரிசெய்தார்கள். மூட்டத்துக்குக் குழம்பாத டிடெக்டர் வந்தது, சாவியைப் பூட்டிவைத்தார்கள். புதுசாக ஒரு ஹூட்டர், சங்கு மாதிரியே இருக்காது, ஏறி இறங்கி அழுகிற மாதிரி ஒரு சத்தம். நானே லயம் லயமாகப் போய், இந்தச் சத்தம் கேட்டால் ஸ்டோரை விட்டு ஓடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்காட்டினேன். ஒத்திகை வைத்தார்கள். லயமே அழகாக எதிர்மேட்டில் ஏறியது. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒருத்தி பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது ஒத்திகையிலும் வந்தாள். மூன்றாவதிலும் வந்தாள்.

"ஒத்திகைன்னு முன்னாடியே சொன்னேன்ல?"

"ஒத்திகையா நெசமான்னு மேட்டுல நிக்கிறவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

மூட்டம் போட்டாலே எனக்கு வேர்க்கத் தொடங்கியது. திரையில் எதைப் பார்த்தாலும் நீலத் தாளாகத் தெரிந்தது. இன்னொரு தடவை நிஜமாக நடந்தால் கேஸைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா? அப்படி நினைக்கிற ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது. வேலையை விட்டேன். ஊட்டியில் ஒரு ஆபீசில் சேர்ந்தேன். ஊரெல்லாம் என்னைப் பைத்தியம் என்றது. அவளை மேட்டுப் பக்கம் ஓடவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஒத்திகை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு லயத்திலேயே இருந்தேன். ஹூட்டர் அழுதது. அம்மா தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள், என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால். மேலே போய் நின்றதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அப்படி இருந்தது.

சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. எல்லாரும் கீழே பார்த்தோம். பச்சைத் தாள் போர்த்திய ஒருத்தி பாலத்தைத் தாண்டி ஸ்டோரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல் ரூமில் என் இடத்துக்கு எடுத்திருந்தது அவளுடைய மகளைத்தான்.